ஹோஸ் தடை நாட்களில் மோட்டார்ஹோம் தொட்டி: கேனா, பேரலும் பம்புமா?

2025 ஜூலை 18, வெள்ளிக்கிழமை. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டிலும் சசெக்ஸிலும் ஹோஸ்பைப் தடை தொடங்கிய நாள். தண்ணீர்த் தட்டுப்பாட்டில், ஹோஸைப் பயன்படுத்தாதீர்கள் என்று தண்ணீர் நிறுவனம் போடும் தடை அது. அன்று சாயங்காலம்தான் நாங்கள் நார்ஃபோக் கடற்கரைக்குக் கிளம்புவதாக இருந்தோம். கென்ட்டின் ஆஷ்ஃபர்டில் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார்ஹோம், அதாவது தங்கிச் சமைக்க வசதியுள்ள வண்டி, தயாராக நிற்கிறது, தண்ணீர்த் தொட்டி மட்டும் காலி. வழக்கமாக என் கணவர் வெளிக் குழாயில் நீல ஹோஸை மாட்டி, மறுமுனையை வண்டியின் தொட்டி வாயில் செருகிவிட்டு உள்ளே வந்து டீ போடுவார். டீ ஆறுவதற்குள் தொட்டி நிரம்பிவிடும். அன்று அது முடியவில்லை.

எங்கள் பகுதிக்கு இது புதிதும் இல்லை. 2022 ஆகஸ்டில் ஒரு தடை, 2023 ஜூனில் ஒன்று, பிறகு 2025இல் ஒன்று. நான்கு கோடைகளில் மூன்று. ஏதோ இந்த ஒரு தடவை சமாளித்தால் போதும் என்று விட முடியாது, நிலையான வழி ஒன்று வேண்டும். அதனால் அந்தக் கோடை முழுக்க இரண்டு முறைகளையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தோம். உருட்டிக்கொண்டு போகும் 40 லிட்டர் பேரலும் 12 வோல்ட் பம்பும் ஒன்று. அகன்ற வாய் உள்ள 10 லிட்டர் கேன்கள் இரண்டு, கூடவே ஒரு புனல், இது இன்னொன்று. இப்போது நாங்கள் கேன் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம், பலரும் குழம்புவது இங்கேதான். இங்கிலாந்தில் இந்தத் தடை 1991ஆம் ஆண்டின் நீர்த் தொழில் சட்டம், 76ஆவது பிரிவின்படி போடப்படுவது. மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். தடை தண்ணீருக்கு இல்லை, ஹோஸுக்கு. அதிலும் பட்டியலிட்ட வேலைகளுக்கு மட்டும். தோட்டத்துக்குப் பாய்ச்சுவது, சொந்த வண்டியைக் கழுவுவது, சிறுவர் நீச்சல் தொட்டியை நிரப்புவது, சுவரையும் ஜன்னலையும் நடைபாதையையும் கழுவுவது போன்றவை. மோட்டார்ஹோமை ஹோஸால் கழுவக் கூடாது என்பதில் சந்தேகமே வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் தொட்டியை நிரப்புவது அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆனால் 'வீட்டுப் பொழுதுபோக்குக்காக ஹோஸ் மூலம் தண்ணீர் எடுப்பது' என்று ஒரு வரி இருக்கிறது. விடுமுறைக்குப் போகிற வண்டியின் தொட்டி அதில் அடங்குமா என்று உங்கள் தண்ணீர் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பி ஹோஸை மாட்டாதீர்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தடை செய்த வேலைக்கு, தண்ணீரை முதலில் ஒரு பாத்திரத்தில் பிடித்துவைத்து, அதிலிருந்து குழாய் வழியாக எடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது ஹோஸ்தான். ஆக, நிறுவனம் 'கூடாது' என்று சொல்லிவிட்டால், பேரலிலிருந்து பம்பும் குழாயும் வைத்து ஏற்றுவதும் அதே சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறது. பேரல் வாங்கியபோது எங்களுக்கு இது தெரியாது. கேனிலிருந்து நேராக ஊற்றுவதற்கு இந்தக் கேள்வியே எழாது.

ஹோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. 100 லிட்டர் தொட்டிக்கு எப்படி ஊற்றினாலும் 100 லிட்டர்தான். வீணாவது ஓரங்களில். வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் தேங்கிய தண்ணீரை முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கொட்டுகிறோம். கடைசியில் தொட்டி நிரம்பி வழிந்து, வண்டிக்கு அடியில் ஊற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் போய் அடைக்கிறோம். ஹோஸில் மணிக்கு ஆயிரம் லிட்டர் வரை போகும். இரண்டு நிமிஷம் தாமதமானால் முப்பது லிட்டருக்கு மேல் மண்ணோடு போயிற்று.

இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் முகாமுக்குப் போய் அங்கேயே நிரப்பிக்கொள்வது இன்னொரு வழி. வண்டி லேசாக ஓடும் என்பது அதில் நல்ல விஷயம். ஆனால் எந்தத் தண்ணீரில் மிச்சம் பிடிக்கிறோம் என்று யோசித்தால், அங்கே எடுப்பதும் வறண்டு கிடக்கும் ஏதோ ஓர் ஊரின் தண்ணீர்தான். தவிர, சில இடங்களில் பொதுக் குழாயில் மாட்டியிருக்கும் ஹோஸின் முனை தரையில் கிடக்கும். கழிவறைக் கேசட்டை, அதாவது வண்டிக் கழிவறையின் கழிவு சேரும் பெட்டியை, கழுவுகிறவர்கள் அதையே எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே பிடிப்பதாக இருந்தாலும் ஹோஸைக் கழற்றிவிட்டு, குழாய் வாயைத் துடைத்து, நம் கேனில் பிடிப்பதே நல்லது.

சரி, பேரலுக்கும் கேனுக்கும் வருவோம்.

வேலை சுலபம் என்று பார்த்தால் பேரல்தான் ஜெயிக்கும். நிரம்பிய பேரல் 40 கிலோவுக்கு மேல், ஆனால் தூக்கவே வேண்டாம். கைப்பிடியைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்து, பம்பை உள்ளே இறக்கி, பிளக்கைச் சொருகினால் ஐந்தாறு நிமிஷத்தில் தொட்டிக்குள் ஏறிவிடும். சில சமயம் பம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டு வெறுமனே உறுமும். தண்ணீருக்குள்ளேயே இரண்டு தடவை உலுக்கினால் சரியாகிவிடும். முதல் மாதம் எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கேன்களைக் கராஜில் மேலே ஏற்றிவைத்துவிட்டோம்.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு வாரம் வண்டி சும்மா நின்றது. அப்புறம் கிளம்பும்போது நிரப்பிய தண்ணீரில் ஒரு வாடை. குளத்துப் படிக்கட்டில் வருமே, அந்தப் பாசி வாடை. தொட்டியில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் காலி செய்து கழுவினோம். வாடை போகவில்லை. கடைசியில் பம்புக் குழாயின் முனையை ஓரங்குலம் வெட்டிப் பார்த்தேன். உள் சுவரில் வழுவழுவென்று ஒரு படலம், விரலால் தொட்டால் இழுபட்டு வருகிறது. குழாயைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தோம் அல்லவா, உள்ளே ஈரம் காயவே இல்லை. கோடை வெப்பம், இருட்டு, ஈரம். வளர்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இந்த இடம்தான். பேரலின் வாய் சிறியது, கை போகாது. பாட்டில் பிரஷ் விட்டாலும் உள் விளிம்புகளுக்கு எட்டாது. பம்பின் உள்பகுதிக்கு எதுவுமே எட்டாது. கிருமிநாசினிக் கரைசலை நிரப்பி ஊறவைத்து, பம்பை ஓட்டிக் குழாய் முழுக்கச் செலுத்தி, பிறகு குளோரின் மணம் போகும்வரை நல்ல தண்ணீரை ஓட்டுவது ஒன்றே வழி. ஒரு தடவை அளந்து பார்த்தேன். 25 லிட்டருக்கு மேல் போயிற்று. தடை போட்டிருக்கும் கோடையில், தண்ணீர் பிடிக்கும் சாமானைக் கழுவவே 25 லிட்டர்! ஒவ்வொரு பயணத்துக்கும் இதைச் செய்யாவிட்டால் வாடை வரும், செய்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் சாக்கடைக்குப் போகும்.

கேனில் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் வாங்கியது முழங்கை வரை கை நுழையும் வாய். நாரைப் போட்டுத் தேய்த்து, மில்ட்டன் போன்ற கிருமிநாசினி கலந்த தண்ணீரை ஒரு கேனில் இரண்டு லிட்டர் ஊற்றிக் குலுக்கி, அதையே அடுத்த கேனுக்கு மாற்றி, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை அடிக்கடி புரட்டிவைத்து, பிறகு அலசினால் முடிந்தது. இரண்டு கேன்களுக்கும் சேர்த்து ஆறு லிட்டர். மூடியைத் திறந்து, வெயிலில் கவிழ்த்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே துளி ஈரம் இருக்காது. காய்ந்ததா இல்லையா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் எங்கள் அம்மா லாரித் தண்ணீர் பிடித்த குடங்களை இப்படித்தான் வைத்துக்கொள்வார். உள்ளே கையை விட்டுத் தேய்த்து, அலசிய தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றி, திண்ணையில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். கை போகாத பாத்திரத்தில் குடிக்கிற தண்ணீரைப் பிடிக்கவே விடமாட்டார். முப்பது வருஷம் கழித்து ஆஷ்ஃபர்டில் அந்தக் கேன்களைக் கவிழ்க்கும்போது அவர் நினைவு வந்தது.

கேனில் கஷ்டம் எங்கே? தூக்குவதில். நிறைந்த கேன் பத்து கிலோ. எங்கள் வண்டியில் தொட்டி வாய் என் இடுப்புக்கு மேலே இருக்கிறது. என் கணவருக்கு முதுகு வலி உண்டு, அவர் பாதி கேன் மட்டும் பிடித்து ஐந்து கிலோவாகத் தூக்குவார், நடை இரண்டு மடங்காகும். சமையலறைக் குழாயிலிருந்து வண்டிக்குப் பன்னிரண்டு அடிதான், அதனால் முடிகிறது. மாடி வீட்டில் இருந்துகொண்டு தெருக்கோடியில் வண்டி நிறுத்துகிறவர்களிடம் இதைச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குப் பேரல் சரி. பம்பை விட்டுவிட்டு, பேரலை வண்டிப் பக்கத்தில் நிறுத்தி அதிலிருந்து சின்னக் கேனில் பிடித்து ஊற்றினால் குழாய்ப் பாசியாவது மிச்சம்.

தூக்குவதால் ஒரு நல்லதும் நடந்தது. எத்தனை லிட்டர் வேண்டும் என்று முதல்முறையாக எண்ணினோம். டீ, சமையல், பாத்திரம், முகம் கழுவுவது எல்லாம் சேர்த்து இருவருக்கும் நாளொன்றுக்கு 18 லிட்டர் ஆகிறது, குளியல் முகாமில். இரண்டு இரவுக்கு நான்கு கேன், 40 லிட்டர் போதும். இத்தனை நாளும் 100 லிட்டரை ஏற்றிக்கொண்டு 60 லிட்டரைச் சும்மா ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறோம். லிட்டருக்கு ஒரு கிலோ. 3,500 கிலோவைத் தாண்டக் கூடாத வண்டியில் 60 கிலோ குறைவது சின்ன விஷயம் இல்லை. இங்கே வீட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சராசரியாகச் சுமார் 140 லிட்டர் என்கிறார்கள். வண்டியில் ஒன்பது லிட்டரில் நாள் ஓடுகிறது என்பதைப் பார்த்த பிறகு வீட்டுக் குழாயையும் நான் வேறு மாதிரிதான் திறக்கிறேன்.

இதெல்லாம் இரண்டு பெரியவர்கள், இரண்டு மூன்று இரவுகள், ஒரே ஒரு கோடை என்ற அளவில் கிடைத்த அனுபவம். கைக்குழந்தையோடு போகிறவர்கள், முகாமில் குளிக்காமல் வண்டியிலேயே குளிக்கிறவர்கள், பத்து நாள் சுற்றுகிறவர்கள், இவர்களுக்கு என் கணக்கு உதைக்கலாம். இரண்டு வருஷம் பேரலும் பம்பும் வைத்திருந்து வாடையே வரவில்லை என்கிற தோழி ஒருத்தியும் எனக்கு உண்டு. அவள் வாரா வாரம் கிளம்புகிறவள், குழாயில் தண்ணீர் தேங்குவதற்கு நேரமே இல்லை.

திரும்பி வந்ததும் தொட்டியில் மிஞ்சியதை வடிகுழாய்க்கு அடியில் வாளி வைத்துப் பிடிக்கிறோம். முன்பெல்லாம் அரைத் தொட்டி அப்படியே தெருவோரச் சாக்கடைக்குப் போகும். இப்போது மூன்று நான்கு லிட்டர்தான் மிஞ்சுகிறது, அது தக்காளிச் செடிகளுக்கு. தோட்டத்துக்கு வாளியால் ஊற்றுவதற்குத் தடை இல்லை. பேரலைக் கராஜில் மேலே ஏற்றிவிட்டோம், கேன்கள் கீழே வந்துவிட்டன.