ஊசியோடு கணக்கையும் காக்கும் கால்நடை மருத்துவமனை

எங்கள் நாய்க்குக் குட்டிப் பருவம் முதல் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவரும் கால்நடை மருத்துவமனையைப் பற்றிய மதிப்புரை இது. ஊசி எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த தவணை தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் அக்கறைதான் இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

உள்ளே போனதும் மருத்துவர் தடுப்பூசி அட்டையைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கிறார். பிறகு நாயின் உடல் வெப்பத்தைச் சோதித்து, காய்ச்சலோ சோர்வோ தென்பட்டால் ஊசியைச் சில நாட்களுக்குத் தள்ளிவைக்கிறார். குளிர்பதனப் பெட்டியிலிருந்து மருந்துக் குப்பியை நம் கண்ணெதிரே எடுத்து, காலாவதி நாளைக் காட்டிய பின்னரே ஊசியில் ஏற்றுகிறார். 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டிய, உறைந்துபோனால் பயன்படுத்தவே கூடாத மருந்து என்பதால், இந்தக் கவனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஊசி போட்டு முடிந்ததும் குப்பியின் மீதுள்ள சீட்டை உரித்து அட்டையில் ஒட்டி, தொகுதி எண் மறையாதபடி ஓரத்தில் கையொப்பமிட்டு, அடுத்த தவணை நாளையும் எழுதித் தருகிறார்கள்.

தவணைகளின் காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்கள். குட்டிக்கு ஏறத்தாழ 3 மாத வயதில் முதல் ஊசி. அதற்கு முன்பே போட்டால், தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள்கள் தடுப்பூசியின் பலனைக் குறைத்துவிடக்கூடும். ஓராண்டு கழித்து ஊக்க ஊசி அவசியம். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையா, 3 ஆண்டுக்கு ஒருமுறையா என்பது தடுப்பூசியின் வகையையும் அந்தந்த இடத்துச் சட்டத்தையும் பொறுத்தது. வீட்டுக்குள்ளேயே வளரும் நாய்க்கு இதெல்லாம் எதற்கு என்று என் எதிரிலேயே ஒருவர் கேட்டார். அறிகுறிகள் தோன்றிவிட்டால் நாயானாலும் மனிதரானாலும் பிழைப்பது ஏறக்குறைய இயலாது என்றும், மனிதருக்கு வரும் ரேபிஸ் பெரும்பாலும் நாய்களிடமிருந்தே தொற்றுகிறது என்றும் மருத்துவர் எடுத்துச் சொன்னார். அவர் குரலில் சலிப்பு துளியும் இல்லை.

தடுப்பூசி போட்ட நாயைச் சந்தேகத்துக்குரிய விலங்கு கடித்துவிட்டால், அடுத்த தவணைக்கு நாள் மீதமிருந்தாலும் உடனே கொண்டுவரச் சொல்கிறார்கள்; அப்போது முன்பதிவு கேட்பதில்லை.

குறைகளும் உண்டு. நினைவூட்டும் குறுஞ்செய்தி ஒரே ஒரு கைபேசி எண்ணுக்கு மட்டுமே வருகிறது. வீட்டில் இன்னொருவர் எண்ணையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. காத்திருக்கும் அறையில் பூனைகளுக்கும் நாய்களுக்கும் தனித்தனி இடம் இல்லாததால், மிரளும் சுபாவமுள்ள நாயைக் கூட்டம் குறைந்த காலை வேளையில் அழைத்துச் செல்வதே உத்தமம்.