ஆர்டிஎக்ஸ் 4060இல் ரே ட்ரேசிங்: ஓடும்போது கண்ணில் படுமா?

மழை விட்ட கையோடு ஹட்டன் டவுனில் நடந்தால், ஈரத் தார் ரோட்டில் கடை போர்ட் வெளிச்சமெல்லாம் நீளமாக விழுந்து கிடக்கும். தலையைக் குனிந்து காலடியை மட்டும் பார்த்தாலும் அந்த வெளிச்சம் எங்கேயும் போகாது. ரே ட்ரேசிங் (ஒளிக்கதிர் எங்கே பட்டு எப்படித் தெறிக்கிறது என்று கணக்கிட்டு வரையும் முறை) இல்லாத கேமில் போய்விடும். அங்கே பெரும்பாலும் திரைக்குள் இருக்கிற பொருளைத்தான் தரையில் பிரதிபலித்துக் காட்டுகிறார்கள். கேமராவைக் கீழே சாய்த்து, போர்ட் திரையின் மேல்விளிம்பைத் தாண்டியதும், தண்ணீருக்குள் இருந்த அதன் பிம்பமும் கரைந்துவிடும். சைபர்பங்க் 2077இல் ஒரு மழை இரவில், குட்டைக்குப் பக்கத்தில் நின்று இதைச் செய்து பாருங்கள். பிறகு பிரதிபலிப்பு ரே ட்ரேசிங்கை மட்டும் ஆன் செய்து அதே இடத்தில் மறுபடி சாயுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருக்கும்போது குட்டையை யார் பார்ப்பது? என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

2023 ஜூனில் வந்த கார்ட். 8 ஜிபி மெமரி, 115 வாட். 1080பி (1920 x 1080) திரைக்கு உரியது. அதற்கு மேல் ரே ட்ரேசிங்கோடு இழுப்பது கஷ்டம்.

ஓட்டத்திலும் கண்ணில் படுவது கண்ணாடி. ஸ்பைடர்-மேன் ரீமாஸ்டர்டில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவும்போது திரை நிறையக் கண்ணாடிதான். ரே ட்ரேசிங் இல்லாவிட்டால் அதில் தெரிவது முன்கூட்டியே தயாரித்து ஒட்டிய படம். எதிரே நிற்கும் கட்டடத்தோடு பொருந்தாது. கன்ட்ரோல் கேமின் அலுவலகக் கண்ணாடிச் சுவர்களும் அப்படித்தான். நிழல் இதற்கு நேரெதிர். ஷேடோ ஆஃப் த டூம் ரைடரில் ரே ட்ரேசிங் நிழல் பொருளின் அடியில் கூர்மையாகவும், தள்ளிப் போகப் போக மங்கலாகவும் விழும். நிஜத்திலும் அப்படித்தான். அழகுதான், ஆனால் நின்று பார்த்தால்தான் தெரியும். தயங்காமல் ஆஃப் செய்துவிடலாம்.

தெறித்துப் பரவும் ஒளி இன்னும் நுட்பமானது. ஒரு லயத்துக் காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் இஸ்தோப்பைத் தாண்டி வாசலுக்குள் ஒரு துண்டு விழுகிறது. சிவப்புச் சீமெந்துத் தரையில் பட்டுத் தெறித்து, வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியில் மெல்லிய சிவப்பு ஏறுகிறது. கூரைத் தகரம் வரை கொஞ்சம் வெளிச்சம் எட்டுகிறது. மூலை மட்டும் இருட்டு. 2021இல் வந்த மெட்ரோ எக்ஸோடஸ் என்ஹான்ஸ்ட் எடிஷன் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டுகிறது. விளையாடும்போது ஒளி தனியாகத் தெரியாது, அறை நம்பும்படி இருக்கும். மூலை உண்மையாகவே இருட்டாக இருப்பதால் நடை தானாக மெதுவாகிறது. எங்கள் மதிப்பீட்டில் ரே ட்ரேசிங்கின் சிறந்த பயன் இதுதான்.

இதற்கான விலையை எஃப்பிஎஸ்ஸில், அதாவது ஒரு செக்கனில் திரைக்கு வரும் ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கையில், கொடுக்க வேண்டும். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன், 40க்கு இறங்கினால் 25. கண் குட்டையைக் கவனிக்கும் முன்பே, மவுசைத் திருப்பும் கை அந்த 8 மில்லிசெக்கனை உணர்ந்துவிடும். ஆகவே சைபர்பங்கில் பிரதிபலிப்பு ஆன், சூரிய நிழலும் மற்ற விளக்குகளின் நிழலும் ஆஃப், ஒளியமைப்பு மீடியம், டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் வசதி) குவாலிட்டி. எல்லா ஒளியையும் கதிர்களாலேயே கணக்கிடும் பாத் ட்ரேசிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுக்க மட்டும் போடுங்கள்.

குறைகளும் உண்டு. ரே ட்ரேசிங்குக்குக் காட்சியின் வடிவத்தைத் தனியாக மெமரியில் வைக்க வேண்டும். 8 ஜிபி நிரம்பினால் டெக்ஸ்சர்கள் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) சிஸ்டம் ராமுக்கு வழியும். கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு வெட்டி வெட்டி ஓடும், சுவர்கள் மங்கும். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து கேமை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். 1080பியில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி உள்ளே வரைவது 1280 x 720தான். கதிர்களும் அதற்கேற்பக் குறைவதால் பிரதிபலிப்பில் புள்ளிகள் நெளியும். பெர்ஃபார்மன்ஸுக்கு இறக்கினால் 960 x 540. அங்கே நெளிவு அசல் பிம்பத்தைவிட அதிகம் கண்ணைக் குத்தும். இடையில் ஃபிரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் எஃப்பிஎஸ் எண்ணைக் கூட்டும், கைத்தாமதத்தைக் குறைக்காது. அது இல்லாமலே 50 எஃப்பிஎஸ் வராவிட்டால் தொட வேண்டாம்.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் குளிர் கார்டுக்கு நல்லது, ஃபேன் சத்தம் குறையும். ஈரப்பதம்தான் எதிரி: கம்ப்யூட்டர் பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள், நாட்கணக்காக மூடியும் போடாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி முழங்கினால் பிளக்கோடு ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால், பகலில் பனிமூட்டத்தின் வெள்ளை வெளிச்சம் திரையில் விழுந்து இருட்டு மூலைகளைச் சாம்பலாக்கிவிடும். திரையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். இதைச் செய்யாமல் ரே ட்ரேசிங் தெரியவில்லை என்று கார்டைக் குறை சொல்லக்கூடாது.

வலோரண்ட், பப்ஜி மட்டும் ஆடுகிறவர்களுக்கு அவற்றில் ரே ட்ரேசிங்கே இல்லை; அதற்காக இந்தக் கார்டை வாங்க வேண்டாம். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே ட்ரேசிங் வசதியுள்ள கார்ட் இல்லாமல் திறக்கவே திறக்காது. அப்படிப்பட்ட கேம்கள்தான் இலக்கு என்றால், நல்ல நிலையில் என்விடியாவின் பழைய 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அதில் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷன் இல்லை, 170 வாட் குடிக்கும், ஆனால் மெமரி வழிவது குறைவு.