கொடைக்கு வில்லுப்பாட்டா, கணியான் கூத்தா?

நெல்லை, குமரிப் பக்கம் ஊர்க்கோயில் திருவிழாவான கொடைக்கு நாள் குறித்ததும் ஊர்க்கூட்டத்தில் எழும் கேள்வி இது.

செலவு: இரண்டிலும் குழுவின் பெயரைப் பொறுத்தது.

இடம்: வில்லுக்குப் பந்தலும் மேடையும் வேண்டும். கணியானுக்குச் சாமிக்கு எதிரே வெறுந்தரை போதும்.

கதை: வில்தான். புலவர் வீசுகோலால் நாணைத் தட்ட, மணிகள் குலுங்க, குடமும் உடுக்கையும் சேர, சுடலைமாடன் கதை வரிவரியாக விளங்கும்.

ஆவேசம்: சந்தேகமின்றிக் கணியான். தீயில் காய்ச்சிய உச்ச மகுடம், மந்த மகுடம் என்ற இரு பறைகளும் முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் சலங்கையோடு சுழலும்போது சாமியாடியின் விரல்கள் நடுங்கத் தொடங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு இரத்தம் படைக்கும் கைவெட்டுச் சடங்கு உள்ள சுடலை கோயிலுக்குக் கணியானையே அழையுங்கள். கதை கேட்க ஊரே கூடும் அம்மன் கொடைக்கு வில் பொருந்தும். யாரை அழைத்தாலும் பேசிய சம்பளத்தை விடிந்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். ஆண்டில் சில மாதங்களே கொடை; கலைஞர்களுக்கு அதில் வரும் சம்பளமும் அப்போது மட்டும்தான்.