கொப்பி இல்லாத நேசரி: உப்புவெளியில் ஒரு வருடம்

மகனின் வெள்ளைச் சேர்ட் மூன்று இந்த வருடத்தோடு நிறம் மாறிவிட்டன. இரண்டில் மஞ்சள் தூள், ஒன்றில் பீற்றூட். வெயிலில் போட்டால் மஞ்சள் கறை போகும் என்று மாமி சொன்னா. திருகோணமலை வெயிலுக்கும் பாதிதான் போனது.

உப்புவெளியில் கடற்கரைக்கு இறங்கும் குச்சொழுங்கை ஒன்றில் உள்ள நேசரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய வீடு, முன் விறாந்தை, இரண்டு அறை, முற்றத்தில் ஒரு வேப்பமரம். பெயரைப் போடவில்லை. சின்ன ஊர், குறைகளும் சொல்லப்போகிறேன். மாதம் 3500 ரூபாய். காலை 8 மணியிலிருந்து 11.30 வரை. 22 பிள்ளைகள், இரண்டு ரீச்சர்மார். வான் இல்லை, நாங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். வங்கியில் அடகுப் பகுதியில் வேலை செய்யும் எனக்கு 11.30 என்பது பெரிய தலையிடி. அந்தப் பொறுப்பை மாமி எடுத்திருக்கிறா, ஒவ்வொரு நாளும் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசைக் கணக்குச் சொல்லிக்கொண்டே.

இதற்கு முதல் மகன் வேறொரு நேசரியில் மூன்று மாதம் இருந்தான். அங்கே அச்சடித்த தாள் கொடுப்பார்கள். யானைக்குச் சாம்பல் நிறம், கடலுக்கு நீலம். கோட்டுக்கு வெளியே போனால் சிவப்புப் பேனையால் ஒரு சுழி. பிள்ளை தன் மனதில் உள்ளதைக் காட்ட அங்கே இருந்தது ஒரேயொரு வழி: ரீச்சர் கேட்டதும் எழும்பி நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் கிளி மாதிரிக் கதைக்கிறவன் அங்கே வாயே திறக்கவில்லை. “பிள்ளைக்குக் காது கேக்குதோ என்று ஒருக்காக் காட்டிப் பாருங்கோ” என்றார்கள். காட்டினோம். காது நல்லாகக் கேட்கிறது.

புது இடத்திலும் ஏழு கிழமை அவன் பேசவில்லை. நான் பயந்துபோனேன். ரீச்சர் பயப்படவில்லை, பேசச் சொல்லிக் கேட்கவும் இல்லை. விறாந்தை நிலத்தில் சாமான்களைப் பரப்பிவைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பா. ஒரு தட்டில் கடற்கரை மணல், ஒரு வாளியில் வயல் களிமண், சோகி, பனங்கொட்டை, பால்மாப் பேணிகள், கிழிந்த சாரம் ஒன்று, ரோர்ச் லைட். கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இவ்வளவுக்கா 3500 என்று நானும் அவரும் இரவில் கதைத்திருக்கிறோம்.

இனி மான் கதை. எங்கள் ஊர்க்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை: பிரட்றிக் கோட்டை வாசலிலும் கடற்கரையிலும் பஸ் நிலையப் பக்கத்திலும் புள்ளிமான்கள் ஆடுமாடு மாதிரித் திரிகின்றன, குப்பையைக் கிளறிப் பொலித்தீனையும் தின்கின்றன. கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது மகன் அதைப் பார்த்திருக்கிறான். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாம் கிழமை ஒரு மானைக் கீறினான். நான்கு காலும் ஒரே பக்கத்தில். வயிற்றுக்குள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு சதுரம். நான் யன்னல் என்று நினைத்தேன். ரீச்சர்தான் சொன்னா, இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கீறமாட்டார்கள், தங்களுக்குத் தெரிந்ததையும் கீறுவார்கள், அதனால்தான் வீட்டுச் சுவருக்குள்ளால் கட்டில் தெரியும், வள்ளத்துக்குள்ளால் மீன் தெரியும் என்று. “அது பிழை இல்லை. அவருக்கு உள்ளே என்ன இருக்கு என்று தெரியும், நீங்கள் கேக்காதேங்கோ, அவர் காட்டுவார்.”

அடுத்த நாள் கூடையிலிருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் கசக்கிக்கொண்டே இருந்தானாம். அதற்கடுத்த நாள் நாலு காலில் தவழ்ந்து, பேக்கை வாயில் கவ்வி, விறாந்தையில் சரிந்து விழுந்தான். பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளை ஒன்று “முவா! முவா!” என்று சிங்களத்தில் மானின் பெயரைச் சொல்லிக் கத்தியது. மகன் நிமிர்ந்து பார்த்து, “மான். பேக் திண்டிட்டு. வயிறு நோகுது” என்றான். அந்த விறாந்தையில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ரீச்சர் அந்தப் படத்தின் பின்பக்கத்தில் திகதி போட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்திருந்தா. “திண்டிட்டு” என்பதைக்கூடத் திருத்தவில்லை. அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டு அலுமாரிக் கதவில்.

பிள்ளை ஒரே விஷயத்தைப் பல வழியில் வெளிக்காட்டுவதை ‘பல வழிச் செயற்பாடு’ என்பார்கள். அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு எனக்கு விளங்கியது. ஒரே விஷயத்தைக் கீறி, சத்தமாக்கி, உடம்பால் நடித்து, கடைசியில் சொல்லாக்குகிறான். ஒவ்வொரு வழிக்கு மாறும்போதும் ஏதோ ஒன்று கூடுகிறது. படத்தில் பேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, கசக்கியதில் அது எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்தது, விழுந்ததில்தான் நோ தெரிந்தது. முதலிலேயே “இது என்ன, சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்டிருந்தால் “மான்” என்பதோடு முடிந்திருக்கும். அதுவும் அவன் வாய் திறந்திருந்தால்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கென்றே உள்ளது. அந்த நேசரியில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்று பகுதியும் இருக்கிறார்கள். பாசை தெரியாத பிள்ளைக்கு வாயால் சொல்லும் வழி அரைவாசி அடைபட்டிருக்கும். மணலும் பேணித் தாளமும் அந்தப் பிள்ளைக்கும் பொது. ரோர்ச் லைட்டைப் பிடித்துச் சாரத்துக்குப் பின்னால் நிழல் காட்டும்போது யார் எந்தப் பாசை என்று எனக்கே தெரியவில்லை.

பெற்றார் கூட்டத்தில் ரீச்சர் இத்தாலியில் உள்ள ரெஜியோ எமிலியா என்ற ஊரைப் பற்றிச் சொன்னா. 1945இல் போர் முடிந்த கையோடு அங்கே ஒரு கிராமத்துச் சனம் ஜேர்மன்காரர் விட்டுவிட்டுப்போன யுத்த டாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அந்தக் காசில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியதாம். பின்னாளில் அந்த ஊரில் முன்பள்ளிக்குள்ளேயே கலைக்கூடம் வைத்து, அதற்கென்று ஒரு கலைஞரையும் வேலைக்கு எடுத்தார்கள். அதே போரில் 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன் குண்டு போட்ட ஊர் எங்களது. நாங்கள் எதை விற்று எதைக் கட்டினோம் என்று பக்கத்துக் கதிரை அப்பா ஒருவர் முணுமுணுத்தார்.

மாமிக்கு வேறு கவலை. “விஜயதசமிக்கு ஏடு தொடக்கி எத்தனை மாசம், இன்னும் ‘அ’ எழுதத் தெரியேல்லையே?” ரீச்சரின் பதில் எனக்குப் பிடித்தது: “அம்மா, ஐயர் விரலைப் பிடிச்சு அரிசியிலதானே எழுதுவிச்சவர்? பிள்ளை தொட்டுத்தானே தொடங்கினது? நாங்கள் அதைத்தான் இன்னும் கொஞ்ச நாள் செய்யிறம்.” மாமி அதோடு அடங்கினா என்று சொல்லமாட்டேன். வீட்டில் இரகசியமாக ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறா.

மாமியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. முன்வீட்டுப் பிள்ளை 50 வரை எழுதுகிறது, எங்களுடையவன் பென்சிலைக் கரண்டி மாதிரிப் பிடிக்கிறான். களிமண் பிசைந்தால் விரலுக்குப் பலம் வரும் என்கிறா ரீச்சர். வருகிறதுதான். ஆனால் முதலாம் ஆண்டுக்குப் போகும் வருடத்திலாவது பென்சில் பிடிப்பைக் கொஞ்சம் கவனிக்கலாம். தமிழ்ப் படப் புத்தகங்களும் போதாது, இருக்கிற ஏழெட்டும் அட்டை கழன்றவை.

அடுத்தது போன். பிள்ளை எதிலாவது ஆழ்ந்திருக்கும் நேரம் பார்த்து இரண்டாவது ரீச்சர் போனை நீட்டுகிறா. மகன் உடனே கையிலுள்ளதை விட்டுவிட்டுச் சிரிக்கிறான். வட்ஸ்அப் குறூப்பில் ஒரு நாளைக்கு நாற்பது படம் வருகிறது. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம்.

பெரிய ஏமாற்றம் வருடக் கடைசிக் கலைவிழா. வருடம் முழுக்கப் பிள்ளையைத் தன் போக்கில் விட்ட அதே இடம், மேடை என்றதும் மற்ற எல்லா நேசரியும் போலாகிவிட்டது. வாடகை உடுப்புக்கு 2500 ரூபாய், முகம் முழுக்கப் பவுடர், ஒலிபெருக்கியில் யாரோ பாடிய பாட்டு, கீழே இருந்து ரீச்சர் கையசைக்க மேலே பிள்ளைகள் கையசைப்பு. மகனுக்கு மயில் வேசம். மானாக விட்டிருந்தால் விழுந்தே காட்டியிருப்பான். பெற்றார் கேட்கிறார்கள், அதனால்தான் செய்கிறோம் என்கிறா ரீச்சர். அதுவும் உண்மைதான், முன்வரிசையில் போனோடு நின்றவர்களில் என் அவரும் ஒருவர்.

இருந்தும் அடுத்த வருடமும் அங்கேதான் விடுகிறோம், தங்கச்சியின் மகளையும் சேர்த்து. விண்ணப்பம் நவம்பரில் கொடுப்பார்கள், இடம் கெதியாக முடிந்துவிடும். சேர்க்கிறவர்கள் அப்பாவின் பழைய சேர்ட் ஒன்றைக் கை வெட்டிக் கொடுத்துவிடுங்கள், மேலால் போட. வெள்ளை வேண்டாம்.