நியூவி–வெஸ்ட் திட்டப்பிழை: நெடுநாள் பயன்பாட்டில் கண்டவை

மாதாந்திர விலைத் தரவுகளுக்குத் தொடர்புப்போக்குச் சமன்பாடு (ஒரு மாறியைக் கொண்டு இன்னொன்றை விளக்கும் சமன்பாடு) பொருத்தும் வேலையில், மிகைகாண் சோதனைக்கு, அதாவது கண்ட தொடர்பு தற்செயலானதா என்று பார்ப்பதற்கு, நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருவது, விட்னி நியூவியும் கென்னத் வெஸ்ட்டும் 1987-இல் வெளியிட்ட திட்டப்பிழைக் கணக்கீட்டு முறை; திட்டப்பிழை என்பது கெழுவின் மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்பதன் அளவு. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் சாண்ட்விச் தொகுப்பு இதைத் தருகிறது.

இம்மாத எச்சம் (சமன்பாடு விளக்காமல் விடும் பகுதி) சென்ற மாத எச்சத்தை ஒட்டியே வரும்போது, 240 மாதத் தரவை 240 தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது. சாதாரணக் கணக்கீடு அப்படித்தான் எண்ணுகிறது. விளக்கும் மாறியும் எச்சமும் தத்தம் முந்தைய மாத மதிப்பை மட்டுமே சார்ந்து, இரண்டிலும் தன்னொட்டுறவு (அடுத்தடுத்த மாத மதிப்புகளுக்கிடையிலான தொடர்பின் அளவு) 0.7 ஆக இருந்தால், உண்மையான திட்டப்பிழை அது காட்டுவதைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு இருக்கும். இம்முறை அதைத் திருத்தும்போது 2.6 என்று மின்னிய டி-மதிப்பு (கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தது) 1.5-க்கு இறங்கிவிடும். கெழு மாறுவதில்லை, அதன் மீதான நம்பிக்கைதான் மாறுகிறது.

இம்முறையின் கடினமான இடம் எத்தனை லேக் (பின்னோக்கிப் பார்க்கும் மாதங்கள்) வரை கணக்கில் எடுப்பது என்பது. பாடநூல்களில் பரவலான 0.75 × மாத எண்ணிக்கையின் கன மூலம் என்ற விதி, 240 மாதங்களுக்கு 4 அல்லது 5 என்கிறது. லாசரஸ், லூயிஸ், ஸ்டாக், வாட்சன் ஆகியோர் 2018-இல் பரிந்துரைத்த 1.3 × மாத எண்ணிக்கையின் வர்க்கமூலம் என்ற விதியோ 20-ஐத் தாண்டுகிறது. அதனுடன் டி-மதிப்பை ஒப்பிடும் வழக்கமான 1.96 என்ற எல்லையை விட்டு, லேக் நீளத்துக்கேற்பப் பெரிதாகும் அட்டவணை மதிப்பைக் கொள்ள வேண்டும். தன்னொட்டுறவு மெதுவாகத் தேயும் விலைத் தொடர்களில் குறைந்த லேக், இல்லாத தொடர்பை இருப்பதாகச் சொல்லிவிடும் என்பதால், இரண்டாவது விதியையே நான் மேலாகக் கருதுகிறேன்.

மென்பொருளின் முன்னிருப்பு அமைப்புகளையும் பார்த்துவிட வேண்டும். சாண்ட்விச் தானாகவே லேக்கைத் தேர்ந்து, முன்வெண்மையாக்கமும் (தன்னொட்டுறவின் பெரும்பகுதியை முன்கூட்டியே நீக்கும் படி) செய்கிறது. பைத்தானின் ஸ்டாட்ஸ்மாடல்ஸ் இதே திருத்தத்துக்கு டி-பரவலை விட்டு இயல்நிலைப் பரவலுக்கு மாறிவிடுவதால், சிறு தரவில் பி-மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு தொடர்பு தற்செயலாகத் தெரியும் வாய்ப்பு) சற்றுக் குறைந்து வரும்.

தொடர்கள் நிலைத்தன்மை அற்றவையாக (சராசரியோ சிதறலோ காலத்தோடு மாறுபவையாக) இருந்தால் இத்திருத்தம் கைகொடுக்காது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு சமவாய்ப்பு நடைகளுக்கு (ஒவ்வொரு அடியும் தற்செயலாக அமையும் தொடர்களுக்கு) இடையே கூட வலுவான தொடர்பு தெரியும் என்று கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல் காட்டிய சிக்கலை எந்த லேக்காலும் தீர்க்க முடியாது. நிலைத்தன்மை உண்டா என்று பார்க்கும் அலகு மூலச் சோதனையை முதலில் செய்து, தேவையெனில் மாதத்துக்கு மாதம் உள்ள வேறுபாடுகளை எடுத்த பின்னரே நான் இம்முறைக்கு வருகிறேன். அறிக்கையில் 5, 12, 21 ஆகிய மூன்று லேக்குகளின் திட்டப்பிழைகளையும் அருகருகே தருகிறேன்.