பிஜிபேட்ஜரா, பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸா: போஸ்ட்கிரெஸ் ஸ்லோ ஆனா எதைத் திறக்கணும்?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வச்சு ஆப் ஓட்டுற டீம்ல அடிக்கடி வர்ற விவாதம் இது. ஒருத்தர் சர்வர் எழுதி வைக்கிற லாக் (பதிவு) ஃபைலை பிஜிபேட்ஜர்ல போட்டு ரிப்போர்ட் எடுக்கலாம்பார், இன்னொருத்தர் எதுக்கு அவ்வளவு வேலை, பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்ல ஒரு செலக்ட் அடிச்சா தெரிஞ்சிடும்பார். ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது. ஆனா ரெண்டும் பதில் சொல்ற கேள்வியே வேற வேற, அது தெரியாம ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு தேடினா ராத்திரி முழுக்க உட்கார்ந்தாலும் காரணம் சிக்காது. பிஜிபேட்ஜர்ல சமீபமா சேர்ந்த வசதிகளையும் வச்சுப் பார்த்தா, பழைய டூல்னு அதை ஒதுக்குறது தப்புன்னுதான் எனக்கு தோணுது.

பிஜிபேட்ஜர் ஜில் டாரோல்ட் எழுதின பேர்ல் ஸ்கிரிப்ட், பிஹெச்பில இருந்த பிஜிஃபுயின் இடத்துக்கு வந்தது. லாக்கை மட்டும் படிக்கும், டேட்டாபேஸ்ல கனெக்ட் ஆகாது, அதனால லாக்கை வேற மெஷினுக்கு காப்பி பண்ணி அங்க ஓட்டிக்கலாம், புரொடக்ஷன் சர்வர் மேல அனலிசிஸ் லோடு விழாது. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் போஸ்ட்கிரெஸ் கூடவே வர்ற எக்ஸ்டென்ஷன், 2009ல 8.4 வெர்ஷன்ல வந்தது. ஷேர்டு ப்ரீலோடு லைப்ரரிஸ்ங்கிற செட்டிங்ல சேர்த்து ஒரு ரீஸ்டார்ட் கொடுத்தா ஒவ்வொரு குவெரி (டேட்டாபேஸுக்கு ஆப் அனுப்புற கேள்வி) வகைக்கும் எத்தனை தடவை ஓடுச்சு, மொத்தம் எவ்வளவு நேரம், சராசரி எவ்வளவுன்னு மெமரில கணக்கு வச்சுக்கிட்டே இருக்கும்.

இந்த கணக்கு கடைசியா ரீசெட் பண்ணதுல இருந்து சேர்ந்துக்கிட்டே போற மொத்தம். நேத்து ராத்திரி 2 மணிக்கு சைட் ஏன் நின்னுச்சுன்னு கேட்டா அதுகிட்ட பதில் இருக்காது. பிஜிபேட்ஜர்ல மணி வாரியா பார்க்கலாம், அந்த நேரத்தை மட்டும் வெட்டி ரிப்போர்ட் எடுக்கலாம், குவெரில உண்மையா போன வேல்யூவும் தெரியும். ஒரே குவெரி ஒரு கஸ்டமர் ஐடிக்கு 5 மில்லிசெகண்ட், பெரிய கஸ்டமர் ஐடிக்கு 9 செகண்ட்னு ஓடுற கேஸ்ல இந்த வேல்யூ தெரியலன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

இதைவிட முக்கியமான ஒண்ணை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. பாதில எர்ரர் ஆகி நின்ன குவெரியை பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் கணக்குலயே சேர்க்காது. ஸ்டேட்மென்ட் டைம்அவுட், அதாவது ஒரு குவெரி அதிகபட்சம் ஓடலாம்கிற நேரம், 30 செகண்ட் வச்சிருக்கீங்க, ஒரு குவெரி ஒவ்வொரு தடவையும் 30 செகண்ட் சர்வரை வாட்டிட்டு கேன்சல் ஆகுதுன்னா, அந்த லிஸ்ட்ல அது கண்ணுக்கே படாது, நீங்க வேற ஏதோ குவெரியை டியூன் பண்ணிட்டு இருப்பீங்க. லாக்ல அது எர்ரரா பதிவாகும், பிஜிபேட்ஜர் எர்ரர் பகுதில குவெரியோட காட்டும். டெட்லாக் (ரெண்டு குவெரி ஒண்ணையொண்ணு எதிர்பார்த்து முட்டி நிக்கிறது), பூட்டுக்காக (lock) காத்திருந்த குவெரி, டிஸ்க்ல எழுதின டெம்ப் ஃபைல், செக்பாயின்ட் (மெமரில இருக்கிறதை டிஸ்க்ல இறக்குறது), ஆட்டோவேக்யூம் (பழைய வரியை தானா சுத்தம் பண்றது) எல்லாமும் அதே ரிப்போர்ட்ல பக்கத்துல பக்கத்துல இருக்கும், அந்த டெம்ப் ஃபைல் பேஜைப் பார்த்து வொர்க் மெம்மை (சார்ட் மாதிரி வேலைக்கு கொடுக்கிற மெமரி அளவு) மாத்துறது பலருக்கும் முதல் வெற்றி.

ஆனா பிஜிபேட்ஜர் லாக்ல இருக்கிறதை மட்டும்தான் பார்க்கும். எவ்வளவு நேரத்துக்கு மேல ஓடினா பதியணும்னு சொல்ற லாக் மின் டியூரேஷன் ஸ்டேட்மென்ட் வரம்பை 1 செகண்ட்னு வச்சா அதுக்கு கீழ ஓடுறது எதுவும் லாக்குக்கே வராது. 5 செகண்ட் எடுக்கிற ரிப்போர்ட் குவெரி ஒரு நாளைக்கு 40 தடவை ஓடினா மொத்தம் 200 செகண்ட். 2 மில்லிசெகண்ட் எடுக்கிற சின்ன குவெரி 10 லட்சம் தடவை ஓடினா 2000 செகண்ட், பத்து மடங்கு. பிஜிபேட்ஜர் முதல் குவெரியை தலைப்புல போடும், ரெண்டாவதை காட்டவே காட்டாது. ஓஆர்எம் (கோட்ல இருந்து தானா குவெரி எழுதுற லைப்ரரி) கிளப்பி விடுற என் பிளஸ் ஒன் குவெரிங்க, அதாவது ஒரு லிஸ்ட் எடுத்துட்டு அதுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஓடுற குவெரிங்க எல்லாம் இந்த ரெண்டாவது வகைதான், அதை பிடிக்க பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்தான் சரி. அதுக்காக வரம்பை 0ன்னு வச்சு எல்லாத்தையும் லாக் பண்ணலாம்தான், ஆனா டிராஃபிக் அதிகமான சர்வர்ல டிஸ்க் தாங்காது.

போஸ்ட்கிரெஸ் 13ல இருந்து இதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, குறிப்பிட்ட வரம்புக்கு மேல போற குவெரில ஒரு பங்கை மட்டும் லாக் பண்ண சொல்லலாம். நூத்துல ஒண்ணுன்னு வச்சா பிஜிபேட்ஜர் காட்டுற எண்ணிக்கையும் நூத்துல ஒண்ணுதான், நாமதான் பெருக்கிக்கணும். ஸ்லோ குவெரி முழுசா, வேகமானது சாம்பிளான்னு கலந்து வச்சிருந்தா மொத்த நேர வரிசையை அப்படியே நம்பக்கூடாது.

புது வசதிகள்ல எனக்கு ரொம்ப பிடிச்சது பிஜிபேட்ஜர் 13வது வெர்ஷன்ல வந்த, ஹிஸ்டோகிராம் (எத்தனை குவெரி எந்த நேர அளவுல விழுந்துச்சுன்னு காட்டுற படம்) எல்லையை நாமே வைக்கிற வசதி. டீஃபால்ட்டா 100ல இருந்து 500 மில்லிசெகண்ட் வரைக்கும் ஒரே கட்டம். உங்க ஏபிஐக்கு 200 மில்லிசெகண்ட்தான் இலக்குன்னா 120ம் 480ம் ஒண்ணா கலந்து போயிடும், டிப்ளாய் பண்ணதுக்கு அப்புறம் மோசமாச்சா இல்லையான்னு சொல்ல முடியாது. இப்ப 200, 300ன்னு நாமே பிரிச்சுக்கலாம். இன்கிரிமென்டல் மோடு முன்னாடியே இருக்கு, விட்ட இடத்துல இருந்து படிச்சு நாள் வாரியா வாரம் வாரியா ரிப்போர்ட் சேர்த்து வைக்கும், அதுக்கு மேல மாச ரிப்போர்ட், டேட்டாபேஸ் வாரியா தனித்தனி ரிப்போர்ட்டும் வந்திருக்கு. ஒரே சர்வர்ல பல கிளையன்ட் டேட்டாபேஸ் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த பிரிப்பு பெரிய உதவி. போஸ்ட்கிரெஸ் 15ல வந்த ஜேசான் லாக்கையும் படிக்கும்.

பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் பக்கமும் வளர்ச்சி நிக்கல. குவெரில வர்ற IN லிஸ்ட்ல 3 ஐடி போனா ஒரு வரி, 4 ஐடி போனா வேற வரின்னு பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நிரம்பி, டீஃபால்ட் 5000 இடமும் தீர்ந்து போய் முக்கியமான வரி வெளிய தள்ளப்படுறது பெரிய தொல்லையா இருந்துச்சு. போஸ்ட்கிரெஸ் 18ல அதெல்லாம் ஒரே வரியா சேர்ந்துடுது.

செட்டப்ல பிஜிபேட்ஜர்தான் அதிகம் படுத்தும். லாக்ல ஒவ்வொரு வரி முன்னாடியும் என்ன வரணும்னு சொல்ற லாக் லைன் ப்ரிஃபிக்ஸ்ல நேரமும் பிராசஸ் ஐடியும் கண்டிப்பா வேணும், யூசர் டேட்டாபேஸ் பேரும் சேர்த்துடுங்க. லாக் மெசேஜ் இங்கிலீஷ்ல இருக்கணும். லாக் ஸ்டேட்மென்ட்டை ஆல்னு வச்சுட்டு டியூரேஷன் லாக்கை தனியா நம்பாதீங்க, குவெரியும் நேரமும் ஜோடி சேராம ரிப்போர்ட் காலியா வரும். ஜிஜிப் பண்ண பெரிய ஃபைல் ஒண்ணை பல கோர்ல பிரிச்சு ஓட்ட முடியாது, அதனால லாக்கை மணிக்கு ஒண்ணா ரொட்டேட் பண்ணி வச்சுக்கிட்டா ஃபைலுக்கு ஒரு கோர்னு ஓட்டலாம்.

மூணாவதா போவா (PoWA)ன்னு ஒரு டூல் இருக்கு. பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸை குறிப்பிட்ட இடைவெளில எடுத்து சேமிச்சு கிராஃபா காட்டுறதால நேரம் தெரியாத குறை தீரும், ஆனா அதுக்கு தனி டேட்டாபேஸ், பராமரிப்பு எல்லாம் வேணும், எர்ரர் விஷயத்துல அதே ஓட்டை அப்படியே இருக்கும். பிஜிஹீரோங்கிற டேஷ்போர்டு சும்மா ஒரு பார்வைக்கு வசதி, அவ்வளவுதான்.

என்னை கேட்டா, சின்ன டீம்னா பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸை முதல் நாளே ஆன் பண்ணிடுங்க, கூடவே லாக் மின் டியூரேஷன் வரம்பை 500 மில்லிசெகண்ட் பக்கம் வச்சு, பூட்டுக்கு காத்திருக்கிறது (lock waits), டெம்ப் ஃபைல்ஸ் ரெண்டையும் பதியுற செட்டிங்கை ஆன் பண்ணி, தினமும் க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டுற வசதி) பிஜிபேட்ஜர் இன்கிரிமென்டலை வேற மெஷின்ல ஓட விடுங்க. அந்த ஹெச்டிஎம்எல் பேஜுக்கு கண்டிப்பா பாஸ்வேர்டு போடுங்க, குவெரியோட சேர்ந்து கஸ்டமர் போன் நம்பரும் இமெயிலும் அதுல வந்து உட்கார்ந்திருக்கும். வெளி ஆளுக்கு அனுப்பணும்னா அனானிமைஸ் ஆப்ஷன் போட்டு புதுசா ஒரு ரிப்போர்ட் எடுத்து அதை மட்டும் அனுப்புங்க.