வாட்டர்கலரா, டேப்லெட்டா?

ஆறு வருடம் வாட்டர்கலரில் வரைந்தேன். ஒன்றரை வருடமாக, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட். இரண்டில் எது என்று கேட்டால் டேப்லெட் என்றுதான் சொல்வேன், காகிதத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லாவிட்டாலும்.

தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டில் சாயம் தீராது, மேசை நனையாது. காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம். திரை இல்லாத டேப்லெட் என்றால் கை பலகையில், கண் கணினித் திரையில். பழக எனக்கு மூன்று வாரம் ஆனது.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது வேறு விஷயம். தவறு கண்ணில் பட்ட பிறகு என்ன செய்ய முடிகிறது?

பாட்டியின் முகத்தை வாட்டர்கலரில் வரைந்தேன், இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டுக் கண்ணாடி முன் பிடித்தால் வலது கண் ஒரு நூல் மேலே ஏறி நிற்கிறது. கண்ணாடியில் பார்ப்பது பழைய உத்திதான், லியனார்டோ டா வின்சியே குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இடம் வலம் மாறியதும், பார்த்துப் பார்த்துப் பழகிய கண் விழித்துக்கொள்ளும். சரி, தெரிந்துவிட்டது. அப்புறம்? வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதத்தின் வெள்ளைதான், மூடினால் மூடியதுதான். ஈரத் தூரிகையால் தேய்த்து எடுக்கப் பார்த்தேன். நிழலுக்குப் போட்ட தாலோ நீலம் காகிதத்தில் ஊறிப்போகும் ரகம், அசையவே இல்லை. காகிதம்தான் திரிதிரியாகக் கிளம்பியது.

டேப்லெட்டில் நான் வரைவது கிரிட்டா என்ற மென்பொருளில். அதில் 'எம்' விசையைத் தட்டினால் படம் கண்ணாடியில் போல இடம் வலமாகத் திரும்பிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டுகிறேன். கண் ஏறியிருந்தால் அதை மட்டும் வளைத்துப் பிடித்து இறக்கிவிடலாம். நிறத்தை நீக்கிப் பார்த்தால் நிழல் போதவில்லை என்பதும் அங்கேயே தெரியும். தவறைப் பார்த்த சூட்டோடு திருத்துவதால் அது மனதில் பதிகிறது. ஆறு வருடத்தில் பிடிபடாத முக அளவு இப்போது முதல் கோட்டிலேயே ஓரளவு வந்துவிடுகிறது.

இழப்பும் உண்டு, அதன் பெயர் அன்டூ, அதாவது போட்ட கோட்டை ஒரே தட்டில் இல்லாமல் செய்யும் வசதி. ஒரு தாடைக் கோட்டைப் பதினேழு முறை போட்டு அழித்து, பதினெட்டாவதை வைத்துக்கொண்டேன். அது நான் வரைந்த கோடா, பொறுக்கிய கோடா? போன மாதம் மறுபடி தூரிகை எடுத்தேன். வானத்துக்கு வாஷ், அதாவது நீர்த்த சாயத்தை அகலமாக, இழுக்கும்போது கை தயங்கி நிற்க, பாதியில் காய்ந்து விளிம்பு கட்டிவிட்டது. முன்பெல்லாம் மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பில் முடிப்பேன்.

எண்ணெய் வண்ணத்தை நான் தொட்டதில்லை. அதில் சுரண்டலாம், மேலே பூசலாம் என்பதால் திருத்தும் விஷயத்தில் அது டேப்லெட்டை நெருங்கக்கூடும். சொல்லைக் கொடுத்தால் படம் தரும் செயலிகளை நாலைந்து முறைதான் தட்டிப் பார்த்தேன். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

டேப்லெட் வாங்குபவர்களுக்கு ஒன்று: ஏ4 அளவில் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 2480 × 3508 பிக்சல் வேண்டும், மென்பொருளில் புதுப் படத்தைத் திறக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. கண்ணைத் திருத்தி வரைந்த புதுப் பாட்டி அச்சில் குழைந்து போனாள். சுவரில் இன்னும் தொங்குவது கண் ஏறிய பாட்டிதான்.